மறதி யாருடைய குற்றம்?

கிழக்கு வெளுக்குமுன்பே கீரமங்கலம் விழித்துக்கொள்கிறது. வடகாடு, கொத்தமங்கலம், சேந்தன்குடி, குளமங்கலம் எனச் சுற்றிலுமுள்ள ஊர்களிலிருந்து கூடை கூடையாய் மல்லிகை வருகிறது, முல்லை வருகிறது, கனகாம்பரமும் சம்பங்கியும் வருகின்றன. கமிஷன் கடைத் தராசுகள் ஏறி இறங்குகின்றன. விலை பேசப்படுகிறது, கணக்குத் தீர்க்கப்படுகிறது, ஊர் மணக்கிறது! அந்த மணத்துக்குப் பின்னே பனியில் நனைந்த விரல்கள் இருக்கின்றன. செடிக்குச் செடி குனிந்து மொட்டுப் பறித்த முதுகுகள் இருக்கின்றன. அவற்றிலே சில, பள்ளிக்கூட மணி அடித்ததும் கரும்பலகைக்கு எதிரே வந்து உட்காரவேண்டிய இளம் முதுகுகள்.

பூத் தொடுக்கும் வீட்டுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். முழம் முப்பது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை முழம் கேட்டு, இருநூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார் ஒருவர். தாளும் எழுதுகோலும் இல்லாமல், தொடுக்கும் விரல் நிற்காமல், தொண்ணூற்றைந்து ரூபாயைத் திருப்பித் தருகிறாள் சிறுமி. அதே சிறுமி வகுப்பிலே நிற்கிறாள். முப்பதை மூன்றரையால் பெருக்கு என்கிறது பலகை. வாய் திறக்கவில்லை அவள். “நேற்றுத்தானே நடத்தினேன்?” என்று கேட்கிறார் ஆசிரியர். “மறந்துபோச்சு டீச்சர்” என்கிறாள். தீர்ப்பு உடனே கிடைத்துவிடுகிறது: “இதுக்கு மண்டையிலே ஏறாது!”

விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடும் இல்லை. பத்து வயதிலே வழங்கப்படும் அந்தத் தீர்ப்பைப் பல பிள்ளைகள் ஆயுள் முழுவதும் சுமக்கின்றனர். “எனக்குப் படிப்பு வரலே” என்று சொல்லி முடங்கிப்போன மனிதரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வராதது படிப்பா? அல்லது, வரவேண்டிய வழியெல்லாம் அடைபட்டுக் கிடந்ததா?

கீரமங்கலத்திலே, மெய்நின்றநாதர் கோயிலருகே, ஓங்கி உயர்ந்த சிவன் சிலையும், அதன் எதிரே நக்கீரர் சிலையும் நிற்கின்றன. ஊரின் பெயரையே அந்தப் புலவரோடு இணைத்துப் பேசுவது அங்குள்ளோர் வழக்கம். ஆண்டவனின் பாட்டிலேயே பிழை கண்டு, அஞ்சாமல் எடுத்துரைத்த புலவன் என்பது கதை. கதையைக் கதை என்றே கொள்வோம். வரலாறு என்று மயங்கவேண்டாம். ஆயினும், ‘குற்றம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கும் துணிவை உருவாக்கிக் காட்ட ஒரு சிலை எழுந்துள்ள ஊரிலே, ஒரு குழந்தையின் மறதி யாருடைய குற்றம் என்று கேட்பது பொருத்தமற்ற கேள்வியன்று.

பழமை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. நினைவாற்றல் கலைமகள் அருள்; நாவிலே அவள் எழுதினால்தான் நிற்கும். இல்லையேல் தலையெழுத்து, பிரமன் எழுதியது, அழிக்க முடியாது. அதுவும் ஒப்பவில்லையா? பரம்பரை மூளை! பாட்டன் ஓதினான், தந்தை ஓதினான், ஆகவே பிள்ளைக்குப் பாடம் நிற்கிறது. பாட்டன் உழுதான், தந்தை உழுதான், ஆகவே பிள்ளைக்கு நிற்காது. இந்த மூன்று விடைகளுக்கும் உருவம் வேறு, உயிர் ஒன்று: கற்பிக்கத் தவறியவரை விடுதலை செய்துவிட்டு, கற்க வந்தவனைச் சிறையிலிடுவது.

1953-ஆம் ஆண்டு இராசகோபாலாச்சாரியார் அரசு, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது, நாடு கொதித்தெழுந்து அதைக் ‘குலக்கல்வி’ என்றது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. திட்டம் போயிற்று. ஆனால், திட்டத்துக்கு அடியிலே கிடந்த நினைப்பு, யார் மண்டையில் எது ஏறும் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிட்டது என்ற நினைப்பு, போய்விட்டதா? வகுப்பறையின் பின்வரிசையைக் கேளுங்கள், சொல்லும்.

பரம்பரை மூளை என்போர் எடுத்துக்காட்டும் பெருஞ்சான்று வேதம் ஓதுதல். எழுத்தின் துணையின்றி ஆயிரக்கணக்கான அடிகளைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்களே என்பார்கள். ஒப்பிக்கிறார்கள், மறுக்கவில்லை. எப்படி ஒப்பிக்கிறார்கள் என்று பார்ப்போம். சொற்களைத் தனித்தனியே பிரித்துச் சொல்வது, இரண்டிரண்டாகக் கோத்துச் சொல்வது, முன்னும் பின்னும் புரட்டிச் சொல்வது எனப் பதம், கிரமம், சடை, கனம் என்று முறைகள் வகுத்தார்கள். சிறுவயதிலிருந்து பல ஆண்டுகள், நாள்தோறும், குருவின் எதிரே திரும்பத் திரும்ப ஓதினார்கள். வயிற்றுக்குச் சோறு இருந்தது. வயலுக்குப் போகவேண்டிய வேலை இல்லை. முறையும் ஓய்வும் பயிற்சியும் சேர்ந்து செய்த வேலையைக் குருதியின் கணக்கிலே எழுதிக்கொண்டார்கள்! அதே முறையையும் அதே ஓய்வையும் கீரமங்கலத்துப் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்த்தார்களா?

கொடுக்காமலேயே சாதித்தவர் எத்தனை பேர்! நாகர்கோயிலை அடுத்த இடலாக்குடியிலே 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னையிலே நூறு செயல்களில் ஒரே வேளையில் கவனம் செலுத்தும் சதாவதானம் நிகழ்த்திப் புலவர் பெருமக்களைத் திகைக்கவைத்தார். எந்த வேதக்குலத்துக் குருதி ஓடிற்று அந்த இசுலாமியத் தமிழரின் உடலில்? நம் திண்ணைப் பள்ளிகளிலே சிறுவர்கள் எண்சுவடியை உருப்போட்டார்கள். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி, 80-இல் ஒரு பங்கு. மா, 20-இல் ஒரு பங்கு. இந்தக் கீழ்வாய் எண்களின் பெருக்கலை நாவிலே ஏற்றிக்கொண்டு, நிலமும் நெல்லும் பொன்னும் அளந்தார்கள். அந்தத் திண்ணையில் ஏறத் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் இடமில்லை என்பது கறை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால், திண்ணையில் இடம் கிடைக்காத அந்தப் பெண்கள்தாம், இரவெல்லாம் நீளும் ஒப்பாரியையும், நடவுப் பாட்டையும், நூறு புள்ளிக் கோலத்தையும் ஏடின்றிக் காத்தவர்கள். நினைவாற்றல் எந்தச் சாதியின் பட்டா நிலம்?

பழமையின் விடை பொய்யென்றால், மெய்யான விடை எது? இங்கே நமக்கு வழிகாட்டுவது ஆய்வு.

1885-ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் எபிங்காசு நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தம்மையே ஆய்வுப்பொருளாக்கிக்கொண்டு, பொருளற்ற அசைகளை உருப்போட்டார். பின்னர் மறுபடி உருப்போட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நின்றது. ஒரு திங்கள் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. கவனியுங்கள், மறந்தவர் மக்குப் பிள்ளையல்லர், பேரறிஞர்! மறதி மூளையின் நோயன்று, இயல்பு. “நேற்று நடத்தினேன், இன்று மறந்துவிட்டாயே” என்று சினப்பது, “நேற்றுத் தண்ணீர் விட்டேன், இன்று செடி வாடுகிறதே” என்று சினப்பதைப் போன்றது. மல்லிகைக் கொல்லைக்காரர் யாரும் அப்படிச் சினப்பதில்லை. மறுநாளும் தண்ணீர் பாய்ச்சுகிறார்.

அடுத்த செய்தி இன்னும் கூர்மையானது. நாம் ஒன்றைப் பற்றி எண்ணும்போது, அந்த நொடியிலே மனத்தின் கையில் பிடித்துவைத்திருக்கும் பொருள்கள் மிகச் சிலவே. ஏழு, அதற்கு ஒன்றிரண்டு கூடவோ குறையவோ என்றார் அமெரிக்க அறிஞர் சார்சு மில்லர், 1956-இல். ஏழு கூட இல்லை, நாலைந்துதான் என்று பின்வந்த ஆய்வாளர்கள் திருத்தினார்கள். ஏழையாயினும் செல்வனாயினும் இந்தக் கை சிறிய கைதான். அப்படியானால் ஒருவன் பத்து வரியைப் பிடித்துக்கொள்கிறான், மற்றவன் ஒரு வரியையும் தவறவிடுகிறானே, ஏன்?

ஓர் எண்ணைச் சொல்கிறோம்: 1947195419672018. பதினாறு இலக்கங்கள். ஒருமுறை படித்துவிட்டுக் கண்ணை மூடிச் சொல்லமுடியுமா? முடியாது. இப்போது இப்படிப் பாருங்கள்: 1947, வெள்ளையர் வெளியேறிய ஆண்டு, 1954, குலக்கல்வி ஒழிந்த ஆண்டு, 1967, அண்ணா முதலமைச்சரான ஆண்டு, 2018, கசா புயல் அடித்த ஆண்டு. பதினாறு சுமைகள் நாலு சுமைகளாகிவிட்டன. சிறிய கையிலே அடங்கிவிட்டன. ஆனால், யாருக்கு அடங்கின? அந்த நாலு ஆண்டுகளின் பொருளை முன்பே அறிந்தவருக்கு! அறியாதவருக்கு அவை இன்னும் பதினாறு சுமைகளே.

சதுரங்க வீரர்களைக்கொண்டு 1973-இல் சேசும் சைமனும் அமெரிக்காவில் செய்த ஆய்வும் இதையே மெய்ப்பித்தது. ஆட்டத்தின் நடுவே காய்கள் நிற்கும் பலகையைச் சில நொடிகள் காட்டி மூடினால், தேர்ந்த ஆட்டக்காரர் காய்களை நினைவிலிருந்து மளமளவென்று அடுக்கினார், புதியவர் திணறினார். அதே காய்களை ஒழுங்கின்றி இறைத்துக் காட்டினால், தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அவருக்கு இருந்தது பெரிய மூளையன்று, பழகிய பொருள்.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணவேண்டும். செல்வம் செல்வத்தை ஈட்டுவதைப் போலவே, அறிவு அறிவை ஈட்டுகிறது. வீட்டிலே ஏடு இருக்கிறது, தாய் படித்தவள், தந்தை நாளிதழ் படித்துப் பேசுகிறார், உறவினர் ஊர் ஊராய்ப் போய்வந்த கதை சொல்கிறார் என்னும் நிலையிலே வளர்ந்த பிள்ளை, பாடம் தொடங்குமுன்பே பாதிப் பாடத்துக்குக் கொக்கிகளைத் தயாராகக் கொண்டு வருகிறது. ஆசிரியர் வீசுவதெல்லாம் மாட்டிக்கொள்கிறது. குடும்பத்திலே முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை, வெறும் சுவரோடு வருகிறது. வீசியதெல்லாம் கீழே விழுகிறது. கொக்கி இல்லாததைக் கண்டவர், சுவரே இல்லை என்று சொல்லிவிட்டார்! தகுதி, திறமை என்று ஓங்கி ஒலிக்கும் பேச்சிலே எவ்வளவு பங்கு, பாட்டன் சேர்த்துவைத்த கொக்கிகளுக்குச் சேரவேண்டியது என்பதை யார் கணக்கிட்டார்கள்?

அந்தப் பூத் தொடுக்கும் சிறுமியிடம் கொக்கிகள் இல்லையா? ஏராளம் உண்டு, ஆனால் அவை வேறு சுவரில் இருக்கின்றன. 1953-இல் அமெரிக்காவிலே வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்யப்பட்ட என்றி மொலைசன் என்பவர், அதன்பின் புதிய செய்தி எதையும் நினைவில் நிறுத்த முடியாதவரானார். சற்றுமுன் கண்ட ஆளையும் மறந்தார். ஆயினும், கண்ணாடியிலே பார்த்து உருவம் வரையும் பயிற்சியைப் பிரெண்டா மில்னர் என்ற அறிஞர் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறிற்று. முந்திய நாள் பழகியது அவருக்கு நினைவே இல்லை! கையின் நினைவு வேறு, சொல்லின் நினைவு வேறு என்று அன்று தெளிவாயிற்று. தொடுக்கும் விரலுக்குத் தெரிந்தது நாவுக்குத் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

கணக்கிலும் இத்தகைய பிளவு உண்டு. கொல்கத்தா, தில்லி நகரச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவரை ஆராய்ந்து, அபிசித் பானர்சி, எசுதர் டப்லோ முதலியோர் 2025-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டிற்று. வாடிக்கையாளர் கேட்கும் சிக்கலான கணக்கை நொடியில் முடித்த சிறுவர்கள், பள்ளி நடையிலே எழுதித் தந்த எளிய கணக்கில் தடுமாறினர். பள்ளியிலே தேர்ந்த பிள்ளைகளோ, சந்தைக் கணக்கில் தடுமாறினர்! இரண்டு கரைகள், நடுவே பாலம் இல்லை. பாலம் தானாக முளைக்காது; கட்டவேண்டும். மூன்றரை முழம் பூவை மேசைமேல் வைத்து, “நீ செய்த கணக்குத்தான் இது, இதோ, இப்படி எழுதுகிறோம்” என்று பலகைக்கு இட்டுச்செல்லும் ஆசிரியர்தாம் அந்தப் பாலத்தின் கொத்தனார்.

நம் அணியிலேயே இளைஞர்கள் சிலர் இந்த இடத்தில் குறுக்கிடக்கூடும். “நெட்டுருவை எதிர்த்தவர்களல்லவா நாம்? ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கச் சொன்னவர்களல்லவா? இப்போது நினைவுக்கு வக்காலத்து ஏன்?” நியாயமான கேள்வி. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதை எதிர்த்தோம், இனியும் எதிர்ப்போம். ஆனால் சிந்தனை வெற்றிடத்தில் நடப்பதில்லை. பெருக்கல் வாய்பாடு நாவிலே ஓடாத பிள்ளை, பெரிய கணக்கின் நடுவே ஏழெட்டு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுகிறது. எண்ணி முடிக்குமுன் கணக்கு எங்கே நின்றது என்பதையே தொலைத்துவிடுகிறது. அந்தச் சிறிய கை நிறைந்துவிட்டது. ஏன், எதற்கு என்று கேட்க விரல் ஒன்றுகூட மிச்சமில்லை. ஐம்பத்தாறு தானாக வந்தால், சிந்திக்க இடம் கிடைக்கிறது. நினைவு பகுத்தறிவின் பகையன்று; அதன் பணியாள். கைப்பேசியில் எல்லாம் இருக்கிறதே என்பவர்களுக்கும் இதுவே மறுமொழி: பொய்ச்செய்தி வந்து சேரும்போது இது பொய் என்று ஐயுற வைப்பது, முன்பே உள்ளத்தில் நிற்கும் மெய்தான்.

அப்படியானால் நினைவை எப்படி வளர்ப்பது? வல்லாரைப் புட்டி விற்போரைக் கேட்காதீர்கள். வல்லாரையைக் கீரையாகச் சமைத்து உண்ணட்டும், நல்ல உணவு. படிக்காத பாடத்தை அது நினைவூட்டாது.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஓர் உரைப்பகுதியைக் கொடுத்தனர். ஒரு சாரார் அதை மறுமுறையும் படித்தனர். மறு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, ஏட்டை மூடி, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், இருமுறை படித்தவரே வென்றனர்: நூற்றுக்கு 81, எழுதிப் பார்த்தவருக்கு 75. ஒரு வாரம் கழித்தோ நிலை தலைகீழ்! இருமுறை படித்தவர் 42. எழுதிப் பார்த்தவர் 56. படிக்கும்போது எளிதாக இருப்பது, நிற்கும் என்று நம்மை ஏய்க்கிறது. தேடி, திணறி, மீட்டெடுக்கும் முயற்சியே நினைவை உரமாக்குகிறது.

நம் வகுப்பறைகளில் நடப்பது என்ன? பலகையைப் பார்த்து எழுது. எழுதியதைப் பார்த்து எழுது. பிழை செய்தால் பத்து முறை பார்த்து எழுது. பார்த்து எழுதும் கை ஓடுகிறது. மனம் கொல்லைக்குப் போய்விடுகிறது. பாடம் முடிந்தால் முடிந்ததுதான். அடுத்து அதை எட்டிப் பார்ப்பது தேர்வு நாளில். கேட்பது ஒரே முறை. அதுவும் மதிப்பெண்ணோடு, அச்சத்தோடு. மருந்தையே தண்டனையாக மாற்றிவிட்ட கூத்து இது!

மதிப்பெண் இல்லாமல் கேளுங்கள். பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம்: நேற்றையதில் ஒன்று, போன வாரத்ததில் ஒன்று, போன மாதத்ததில் ஒன்று. எல்லோரும் எழுதட்டும், கைதூக்கும் நாலு பேர் மட்டும் விடை சொல்லி வகுப்பை ஒப்பேற்றவேண்டாம். தவறினால் திருத்திக் கொடுங்கள்; சில நாள் இடைவெளி விட்டு மறுபடி கேளுங்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். நம் திண்ணைப் பள்ளிகளிலே சட்டாம்பிள்ளை செய்த வேலை அது. எழும்பூரிலே அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மலபாரிகளின் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தாமும் கைக்கொண்டார்; பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் முறையைச் சேர்த்து வளர்த்தார்; 1797-இல் அதுபற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்று பெயர் பெற்று அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. கப்பலேறிப் போனதை நாம் கரையிலேயே மறந்துவிட்டோம்.

செலவு? ஒரு துண்டுத் தாள். இதைக்கூடச் செய்யாமல் மூளை இல்லை என்று சொல்வது, அடுப்பு மூட்டாமல் அரிசி வேகவில்லை என்று சொல்வதாகும்.

ஆயினும் ஆசிரியர்மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. பசித்த வயிற்றில் எந்த முறையும் பலிக்காது. 1920-இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவு கொடுக்கத் தொடங்கியபோதும், 1956-இல் காமராசர் அதை நாடெங்கும் விரித்தபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியபோதும், 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கி மறு ஆண்டிலே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றபோதும், ‘பள்ளிக்கூடமா, சாப்பாட்டுக் கடையா?’ என்று ஏளனம் செய்தோர் உண்டு. பசித்திருப்பவன் கவனம் பாடத்தில் நிற்காது; கவனம் நிற்காதது நினைவில் ஏறாது. ஏளனம் செய்தோர் வீட்டுப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வாய்பாடு படித்ததுண்டா?

உறக்கம் இன்னொன்று. பகலிலே கற்றதை இரவுத் தூக்கத்திலே மூளை எடுத்து அடுக்கிப் பதிக்கிறது என்று இன்றைய அறிவியல் காட்டுகிறது. மல்லிகை மொட்டோ விடியுமுன் பறிக்கப்படவேண்டும். விரிந்துவிட்டால் விலை போயிற்று. பறிக்கப் பிள்ளையை எழுப்பும் தாயை நாம் குறைகூறத் துணியமாட்டோம். அவள் கைக்கூலியும் அன்றைய உலையும் அந்த விலையிலேதான் இருக்கின்றன. ஆனால், சந்தைக்குப் போகும் ஒவ்வொரு கூடையிலும் ஒரு குழந்தையின் தூக்கமும் எடைபோடப்படுகிறது என்பதை, கூந்தலில் பூச்சூடும் நாடு அறிந்திருக்கவேண்டும். விளைவித்தவருக்கு நியாய விலை கேட்பதும் கல்விப் போராட்டமே.

பசியினும் கொடியது இழிவு. உத்தரப் பிரதேசச் சிற்றூர்ச் சிறுவரைக்கொண்டு கார்லா ஆப், பிரியங்கா பாண்டே இருவரும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு நெஞ்சைச் சுடுகிறது. தாளிலே வரைந்த சிக்கலான பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தனர். சாதியை யாரும் சொல்லாதபோது, மேல்சாதி என்போரும் தாழ்த்தப்பட்டோரும் ஏறக்குறைய ஒருபோலவே விடுவித்தனர். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் சேர்த்து அறிவித்தபின், தாழ்த்தப்பட்ட சிறுவரின் வெற்றி ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சரிந்தது! அதே சிறுவர்கள், அதே மூளைகள், அதே புதிர்கள். இடையிலே வந்தது ஒரு சொல். அது நினைவுச் சோதனையன்று; புதிர்ச் சோதனை. ஆனாலும், மனத்தின் சிறிய கையிலே அவமானமும் அச்சமும் இடம் பிடித்துக்கொண்டால், பாடத்துக்கு இடம் ஏது? பிரம்பும் இதையேதான் செய்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடைசெய்துவிட்டது. நாப்பிரம்பைத் தடைசெய்யச் சட்டம் போதாது.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலே, பிள்ளைகளை அவர்கள் கற்ற அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று வகுத்தார்கள். பூ விளையும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது! எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவது அறிவுடைமை. ஆனால், அரும்பு என்பது நேற்றைய நிலையின் பெயராக இருக்கும்வரைதான் அது நல்ல பெயர். ஆண்டு முழுவதும் ஒரு பிள்ளை ‘அரும்பு’ என்றே அழைக்கப்பட்டால், அது இன்னொரு சாதிப்பெயராகிவிடும். எச்சரிக்கை வேண்டும்.

முதியவர்க்கு இனி ஏறாது என்ற பேச்சையும் இந்த மாவட்டமே பொய்யாக்கியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலே, ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராயிருந்தபோது, புதுக்கோட்டையிலே அறிவொளி இயக்கம் நடந்தது. கல் உடைத்த பெண்களும், களை பறித்த பெண்களும் மாலை விளக்கொளியில் எழுத்தைக் கற்றார்கள்; ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டவும் பழகினார்கள். அவர்களது பிழைப்போடும் உரிமையோடும் ஒட்டிய சொற்களைச் சேர்த்துக் கற்பித்தார்கள்; எள்ளல் இல்லை, பிரம்பு இல்லை. ஐம்பது வயது மண்டையிலே எழுத்து ஏறிற்று.

நினைவைப் பற்றி இவ்வளவு உயர்த்திப் பேசிவிட்டு, அதன் கயமையை மறைத்துவிடக்கூடாது. 2018 நவம்பர் 16 விடியலில் கரையேறிய கசா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை, கீரமங்கலத்தார் எவரும் தேர்வுக்காகப் படிக்கவில்லை, மறக்கவும் இல்லை. எங்கே நின்றோம், எந்தச் சுவர் விழுந்தது என்று வரிவரியாய்ச் சொல்வர்கள். அந்த வரிகள் எல்லாமே நடந்தபடி இருக்குமா? 1986 சனவரியில் அமெரிக்க விண்கலம் சேலஞ்சர் வெடித்த மறுநாளே, அச்செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிவைத்தார் நைசர் என்ற உளவியலார். இரண்டரை ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டார். நாலில் ஒருவர் சொன்னது முழுவதும் மாறியிருந்தது. பலர் உறுதியாக நம்பியே மாற்றிச் சொன்னார்கள்! தம் கையெழுத்தைக் காட்டியபோதும், ‘இது தவறு, என் நினைவே சரி’ என்றவர் உண்டு. ஆகவே ‘என் கண்ணால் கண்டேன்’ என்று அற்புதக் கதை சொல்பவர் எல்லோரும் பொய்யர் அல்லர். மேடையேறி ‘அன்று நடந்ததைச் சொல்கிறேன்’ என்னும் நம்மவர் எல்லோரும் மெய்யை மட்டுமே சொல்பவரும் அல்லர். எழுதி வை, ஒப்பிட்டுப் பார் என்பதை நமக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்வோம்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. பெற்றோர்களே பெரும்பாலும் உறுப்பினர்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதும், குடிநீர்த் தொட்டியும், கழிப்பிடமும் அங்கே பேசப்படுகின்றன, பேசவேண்டியவைதாம். அடுத்த கூட்டத்துக்குப் பகுத்தறிவு இளைஞர்கள் தம் ஊர்ப் பெற்றோரோடு போகட்டும். ஆசிரியரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். வகுப்பிலே நாற்பது பிள்ளைகளோடும் பதிவேடுகளோடும் போராடும் உழைப்பாளி அவர். பணிவோடு இரண்டு கேள்விகள் கேட்கட்டும். சென்ற மாதம் நடத்திய பாடத்தை இந்த மாதம் எத்தனை முறை, மதிப்பெண் போடாமல், திரும்பக் கேட்டீர்கள்? ‘மறந்துபோச்சு’ என்று சொன்ன பிள்ளைக்கு அடுத்து என்ன நடந்தது? விடை கிடைக்காவிட்டால், மாலையிலே ஒரு திண்ணையைப் பிடித்து, ஏட்டை மூடச் சொல்லி, அந்த ஐந்து நிமிடக் கேள்விகளை இளைஞர்களே கேட்கத் தொடங்கலாம். கீரமங்கலத்தில் திண்ணைகளுக்குப் பஞ்சமில்லை.